கவிதையில் பேசும் ‘நான்’ யார்?

கேள்வி: எனக்கு 53 வயது. கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் கணக்கராக இருக்கிறேன். 25 வயதிலிருந்து நோட்டில் கவிதை எழுதி வருகிறேன். வாழ்க்கை, காதல், காலம், நான் என்று நான்கு தலைப்புகளில் பிரித்து வைத்திருக்கிறேன். யாரிடமும் காட்டியதில்லை. சென்ற மாதம் என் மகள் அவற்றை எடுத்துப் படித்துவிட்டு, வானொலிப் பெட்டியைப் பழுதுபார்க்கும் விரல்களைப் பற்றிய கவிதையைக் காட்டி, “இது அப்பா இல்லையே, யாரம்மா இது?” என்று கேட்டாள். லாரி ஓட்டுநரான என் கணவர் அப்போது பக்கத்தில்தான் இருந்தார். அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து பேச்சைக் குறைத்துக்கொண்டார். கவிதையில் வருபவர், திருமணத்துக்கு முன் எங்கள் தெருவில் வானொலி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தவர். இரண்டு முறை பேசியிருக்கிறேன், அவ்வளவுதான். கவிதையில் வருவதில் பெரும்பகுதி நடக்கவே இல்லை. நடக்காததை ‘நான்’ என்று எழுதியது பொய்யா? இந்த வயதில் காதலை எழுதுவது தகுமா? பழைய கவிதைகளைப் படித்தால் வேறு யாரோ எழுதியதுபோல் இருக்கிறது; திருத்துவதா, கிழித்துவிடுவதா? தொகுப்பாக வெளியிடச் சொல்லி மகள் வற்புறுத்துகிறாள். நான்கு கவிதைகளை இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறையும் கவிதைகளைப் பல முறையும் படித்தேன். கல்லூரியில் 34 ஆண்டுகள் சங்கப் பாடல்களைக் கற்பித்தவன் என்ற முறையில்தான் என்னால் பதில் சொல்ல முடியும். ஆகவே நான் சொல்வதில் பெரும்பகுதி அந்தப் பாடல்களின் வழியாகவே வரும். அதற்கு முன் ஒன்றை உறுதியாகச் சொல்லிவிடுகிறேன்: நோட்டுகளைக் கிழிக்காதீர்கள். வெளியிடுவதா, யாரிடம் காட்டுவதா, எதைத் திருத்துவதா என்பவற்றையெல்லாம் பொறுத்திருந்து முடிவு செய்யலாம். கிழித்த தாளைப் பற்றி முடிவு செய்ய ஒன்றும் மிஞ்சாது.

உங்கள் மகள் கேட்டதில் தவறில்லை. இன்று கவிதை படிக்கும் பெரும்பாலோர் ‘நான்’ என்ற சொல்லைக் கண்டதும் எழுதியவரின் முகத்தைத் தேடுகிறார்கள். காதலைப் பாடும் நம் அகப்பாடல்களோ இந்தத் தேடலுக்கு இடமில்லாதபடி அமைந்தவை. அங்கே ஒவ்வொரு பாடலும் ஒருவருடைய கூற்று: தலைவி பேசுவாள், தலைவன் பேசுவான், தோழி பேசுவாள், சில வேளை செவிலித்தாய் பேசுவாள். பாடியவர் வேறு, பாட்டில் பேசுபவர் வேறு என்பதைத் தொகுத்தவர்கள் அடிக்குறிப்பிலேயே பிரித்துக் காட்டினார்கள். குறுந்தொகையின் 25-ஆம் பாடலைப் பாடியவர் கபிலர் என்னும் ஆண்; அதில் பேசுபவளோ, தன்னை மணந்தவன் கைவிட்டுவிடுவானோ என்று அஞ்சும் ஒரு பெண். அன்று சாட்சிக்கு யாருமில்லை, அந்தக் கள்வன் மட்டுமே இருந்தான், அவன் பொய் சொன்னால் நான் என்ன செய்வேன் என்று சொல்லிக்கொண்டே வந்தவள், கடைசியில் ஒன்றை நினைவுகூர்கிறாள்: தினைத்தாள் போன்ற மெல்லிய பசுங்கால்களை உடைய நாரை ஒன்று ஓடுகிற நீரில் ஆரல் மீனைப் பார்த்தபடி அங்கே நின்றது. “குருகும் உண்டு” என்கிறாள். அந்த ‘உம்’மில் எத்தனை தவிப்பு இருக்கிறது என்பதை வகுப்பில் விளக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைத்திருக்கிறது. கபிலருக்கு இது நேர்ந்ததா என்று ஒரு மாணவரும் என்னைக் கேட்டதில்லை. அப்படிக் கேட்பதற்கு அந்தப் பாட்டில் இடமே இல்லை.

இன்னொருவரைச் சொல்கிறேன், உங்களுக்கு அவர் மிகவும் வேண்டியவர் ஆவார் என்று நினைக்கிறேன். வெள்ளிவீதியார் என்னும் பெண்பாற் புலவர். குறுந்தொகை 27-இல் அவர் தலைவியாகப் பேசுகிறார்: கன்றும் குடிக்காமல் பாத்திரத்திலும் விழாமல் நல்ல பசுவின் பால் நிலத்தில் சிந்தி வீணாவதுபோல், எனக்கும் ஆகாமல் என் தலைவனுக்கும் உதவாமல் என் மாமை நிறத்தைப் பிரிவால் படரும் பசலை என்னும் வெளிறல் தின்கிறது என்று சொல்கிறார். அதே புலவர் 44-ஆம் பாடலில், காதலனோடு போய்விட்ட மகளைத் தேடி அலையும் செவிலித்தாய் ஆகிறார். கால்கள் நடை ஓய்ந்தன, பார்த்துப் பார்த்துக் கண்கள் ஒளி இழந்தன, வானத்து மீன்களைவிட அதிகமாக இருக்கிறார்களே இந்த உலகத்துப் பிறர் என்று தேம்புகிறார். 58-ஆம் பாடலிலோ அவர் ஓர் ஆண். வெயில் காயும் பாறைமேல் வைத்த வெண்ணெய் உருகுகிறது. காவல் இருப்பவனுக்குக் கையும் இல்லை, கூப்பிட வாயும் இல்லை. கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்கிறான். என் காதல் நோய் அப்படிப் பரவுகிறது என்று தன்னை இடித்துரைக்கும் நண்பனிடம் சொல்கிறான் அந்தத் தலைவன். இந்த மூன்று பேரில் வெள்ளிவீதியார் யார்? மூவரும் அவர்தாம் என்றும் சொல்லலாம், ஒருவரும் அவர் இல்லை என்றும் சொல்லலாம். இரண்டும் சரியென்றே நான் நம்புகிறேன்.

தொல்காப்பியம் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறது. நாடக வழக்கும் உலகியல் வழக்கும் சேர்ந்ததே பாடலுக்கு உரிய ‘புலனெறி வழக்கம்’ என்று அகத்திணையியல் சொல்கிறது. நடந்ததும் நடந்ததாகப் புனைந்ததும் ஒன்றோடொன்று கலந்த இடத்தில்தான் கவிதை நிற்கிறது என்பது அதன் பொருள். உங்கள் தெருவில் ஒரு கடை இருந்தது, அதில் ஒருவர் வானொலிப் பெட்டிகளைத் திறந்து பழுது பார்த்தார், நீங்கள் இரண்டு முறை பேசினீர்கள், இவை உலகியல். மழை நாளில் கடைக்குள் ஒதுங்கியதும், பெட்டியிலிருந்து பாட்டு எழுந்ததும், ‘என் பெயரை நிலையங்களுக்கு நடுவே தேடினாய்’ என்ற அந்த அருமையான வரியும் நாடகம். இதில் பொய் எதுவும் இல்லை. யாரிடமாவது இது நடந்தது என்று சத்தியம் செய்திருந்தால் அது பொய்யாகும். நீங்கள் அப்படிச் செய்யவில்லை.

ஆனால் இந்த வாதத்தை உங்கள் கணவரிடம் கொண்டுபோக வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ‘அது வெறும் கற்பனை’ என்று நீங்கள் சொன்னால் அது பாதி உண்மைதான், சொல்லும்போது உங்கள் குரலே அதைக் காட்டிவிடும். அகப்பாடலுக்கு இன்னொரு கட்டுப்பாடும் உண்டு என்பதை இங்கே நினைக்க வேண்டும். ஐந்திணைப் பாடல்களில் காதலர் எவரையும் பெயர் சுட்டிச் சொல்லக் கூடாது என்பது தொல்காப்பிய விதி. நெடுநல்வாடை 188 அடிகள் கொண்ட பாட்டு. பிரிவில் வாடும் அரசியையும் பாசறையில் உறங்காத அரசனையும் பாடுகிறது. எங்கும் பெயர் இல்லை. ஆயினும் ஒரு வேலின் தலையில் வேப்பந்தழை கட்டியிருந்ததாக ஒரு வரி வருகிறது. வேம்பு பாண்டியரின் அடையாளப் பூ என்பதால், சுட்டி ஒருவர் பெயர் கொண்டது போலாயிற்று என்று உரையாசிரியர் நச்சினார்க்கினியர் அந்தப் பாட்டை அகமாகக் கொள்ளாமல், அரசரையும் போரையும் பாடும் புறம் என்றே கொண்டார். ஒரு தழை போதுமானதாக இருந்தது. உங்கள் கவிதையில் அந்தத் தழை, வானொலிப் பெட்டி. உங்கள் ஊரில் அந்தக் காலத்தில் அந்தத் தொழில் செய்தவர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? அவர் உயிரோடு இருக்கலாம், குடும்பத்தோடு இருக்கலாம். தன்னைப் பற்றி ஒரு கவிதை இருப்பதற்கு அவர் சம்மதம் தந்தவரும் இல்லை.

எனவே அந்த ஒரு கவிதையை மட்டும் இப்போதைக்கு நோட்டிலேயே வைத்திருங்கள் என்று சொல்கிறேன். நீங்கள் அனுப்பிய நான்கில் அதுவே சிறந்தது என்று தெரிந்துதான் சொல்கிறேன். தொழிலை மாற்றி, வானொலிக்குப் பதில் வேறெதையாவது வைத்தால் கவிதை செத்துவிடும், அதைச் செய்யாதீர்கள். கணவரிடம் நடந்ததை நடந்த அளவில், கூட்டாமல் குறைக்காமல், இரண்டு வாக்கியங்களில் சொல்லுங்கள். விளக்கம் நீண்டால் அவருக்கு அது வேறு மாதிரித் தோன்றும்.

அதற்குப் பிறகு அவரிடம் உங்கள் மூன்றாவது கவிதையைக் கொடுங்கள். இரவு இரண்டு மணிக்கு லாரியை நிறுத்திவிட்டு வருகிறவர், யாரும் விழித்துவிடக் கூடாது என்று குழாயை மெல்லத் திறந்து கால் கழுவுகிற ஓசையைக் கேட்டபடி, தூங்குவதுபோல் படுத்திருக்கும் ஒரு பெண்ணின் கவிதை அது. அதை ‘வாழ்க்கை’ என்ற தலைப்பின் கீழ் வைத்திருக்கிறீர்கள். நான் அதைப் படித்ததும் முல்லை என்று என் பென்சிலால் ஓரத்தில் எழுதினேன். இருத்தலும் காத்திருத்தலும் முல்லைத் திணையின் உரிப்பொருள், அதாவது அது பாடும் உணர்வு; வினைமேல் சென்றவன் மீண்டு வருவதும் அதைச் சார்ந்ததே. 28 ஆண்டுகளாக அந்தக் கவிதை தவறான தலைப்பின் கீழ் இருந்திருக்கிறது, சகோதரி. அதைக் ‘காதல்’ பகுதிக்கு மாற்றுங்கள். உங்கள் கணவர் கவிதை படிக்கும் பழக்கம் உள்ளவரா என்று நீங்கள் எழுதவில்லை; இல்லையென்றால் நீங்களே படித்துக் காட்டுங்கள். குழாயின் ஓசை வரும் இடத்தில் அவர் யாரென்று அவருக்குத் தெரிந்துவிடும்.

இந்த வயதில் காதலை எழுதலாமா என்ற கேள்விக்கு என் பதில் சுருக்கமானது: எழுதலாம். குறுந்தொகை 323-இல் வினை முடித்துத் திரும்பும் தலைவன், மற்ற நாட்களெல்லாம் எதற்கு, அவை பதர் போன்ற நாட்கள், முல்லை மணக்கும் நெற்றியை உடைய அவளுடைய தோளில் துயின்று கழிந்த நாளே வாழும் நாள் என்கிறான். ‘பதடி வைகல்’ என்பது அவன் சொல். பதரைத் தூற்றி நெல்லைப் பிரிப்பதுபோல் நாட்களைத் தூற்றிப் பார்க்கிற இந்தக் கணக்கு, இருபது வயதில் போடக்கூடியதா? தூற்றுவதற்கு நிறைய நாட்கள் கையில் இருக்க வேண்டும். உங்களிடம் இருக்கின்றன.

அந்தப் பாட்டைப் பாடியவரின் இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. அந்த ஒரு தொடரையே பெயராக்கிப் பதடிவைகலார் என்று அழைக்கிறோம். ஒரே ஏரை வைத்துக்கொண்டு, ஈரம் காய்வதற்குள் உழுதுவிடத் துடிக்கும் உழவனின் பதற்றத்தை உவமையாக்கியவர் ஓரேருழவனார். மக்கள் விட்டுப்போன வீட்டின் முற்றத்தில் அணில் விளையாடுவதைத் தன் தனிமைக்கு உவமையாகச் சொன்னவர் அணிலாடு முன்றிலார். ‘நான்’ என்ற தலைப்பில் நீங்கள் எழுதியிருக்கும் கவிதைகளில், என் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருக்கிறது என்ற வருத்தம் திரும்பத் திரும்ப வருவதைக் கவனித்தேன். அந்த வருத்தம் உண்மையானது, அதை நான் தள்ளிப் பேச மாட்டேன். ஆயினும் இவர்களை நினைக்கும்போது, ஒருவருடைய தன்மை அவருடைய பெயரில் இருந்ததைவிட, அவர் முற்றத்து அணிலைப் பார்த்த விதத்தில் அதிகம் இருந்தது என்றே எனக்குப் படுகிறது.

இதையொட்டி வெள்ளிவீதியாரைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லாமல் விட மனமில்லை. அகநானூறு 45-இல் அவர் தன் தலைவியைப் பேசவைக்கும்போது, ஆதிமந்தியைப் போல அறிவு கலங்கி நானும் அலைய வேண்டுமோ என்று சொல்லவைக்கிறார். ஆதிமந்தி, காவிரி கொண்டுபோன தன் காதலன் ஆட்டனத்தியைத் தேடி அலைந்தவள். அவள் பெயரிலும் குறுந்தொகையில் ஒரு பாட்டு, 31-ஆம் பாட்டு, இருக்கிறது. பிறகு ஔவையார் அகநானூறு 147-இல், வெள்ளிவீதியைப் போல நானும் புறப்பட்டுப் போக எண்ணுகிறேன் என்று தன் தலைவியைப் பேசவைக்கிறார். ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்கு உவமை ஆகிறாள், அவள் அடுத்தவளுக்கு உவமை ஆகிறாள். கூற்று என்னும் திரை எவ்வளவு அடர்த்தியாக இருந்தாலும் அதற்கு அப்பால் வாழ்ந்த ஒரு பெண்ணின் துயரத்தை ஔவையார் அறிந்திருக்கிறார் என்பதும் இதிலிருந்து தெரிகிறது. ஆகவே கவிதைக்கும் எழுதியவருக்கும் தொடர்பே இல்லை என்று நான் உங்களிடம் வாதிடவில்லை. தொடர்பு உண்டு. அது எந்த அளவு என்று அளந்து சொல்லும் கடமை உங்களுக்கு இல்லை.

இனி, காலம். பழைய கவிதைகளை வேறு யாரோ எழுதியதுபோல் இருக்கிறது என்கிறீர்கள். வேறு ஒருவர்தாம் எழுதினார். அவருக்கு 25 வயது. அவர் எழுதியதைத் திருத்தும் உரிமை இப்போது உங்களுக்கு மிகக் குறைவு என்று நான் கருதுகிறேன். எழுத்துப் பிழைகளைத் திருத்துங்கள், அதோடு நில்லுங்கள். உ.வே. சாமிநாதையர் 1894-இல் புறநானூற்றையும் 1937-இல் குறுந்தொகையையும் பதிப்பித்தபோது, சுவடிக்குச் சுவடி மாறிய பாடங்களை அழித்துவிடாமல் அடிக்குறிப்பில் காட்டினார். அதனால்தான் ஒரு சொல் எப்படியெல்லாம் படிக்கப்பட்டது என்று இன்றும் நம்மால் பார்க்க முடிகிறது. நீங்களும் பழைய கவிதையை இடப்பக்கத்தில் அப்படியே படியெடுத்து, இன்று அதை எப்படி எழுதுவீர்களோ அதை வலப்பக்கத்தில் எழுதுங்கள். இரண்டுக்கும் கீழே ஆண்டையும் ஊரையும் குறியுங்கள். நாள் குறிக்கப்படாத பாடல்களோடு வாழ்நாளைக் கழித்தவன் என்பதால் இதை வற்புறுத்திக் கேட்கிறேன்.

கவிதை பற்றி ஒரு கண்டிப்பான குறையும் சொல்ல வேண்டும். நான்கு கவிதைகளில் ‘காலம்’ என்ற சொல் பதினொரு முறை வருகிறது. ‘காலம் கரைந்தது’, ‘காலம் உதிர்ந்தது’, ‘காலத்தின் கை’ என்றெல்லாம் வருகிற இடங்களில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. குழாயின் ஓசை கேட்ட கவிதையில் அந்தச் சொல்லே இல்லை. இரவு இரண்டு மணி இருக்கிறது. நிலமும் பொழுதும்தான் பாடலுக்கு அடிப்படையான முதற்பொருள் என்று தொல்காப்பியம் சொல்வதை நான் இப்படித்தான் புரிந்துகொண்டிருக்கிறேன்: காலம் என்று எழுத வேண்டாம், கார் என்றும் கூதிர் என்றும் மாலை என்றும் வைகறை என்றும் எழுதினால் போதும், காலம் தானே உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இதை உங்கள் நான்காவது கவிதையில் செய்து பார்க்கலாம். பிறந்த வீட்டுக் கிணற்றில் அண்ணன்களோடு குதித்து நீந்திய சிறுமியைப் பற்றிய கவிதை அது. அதைப் படித்தபோது புறநானூறு 243-ஆம் பாடலை எடுத்து அருகில் வைத்துக்கொண்டேன். ஆற்றங்கரை மருதமரத்தின் தாழ்ந்த கிளையில் ஏறி, கரையில் நிற்பவர்கள் மிரள, ‘துடும்’ எனக் குதித்து, ஆழத்தில் மூழ்கி மணலை அள்ளிவந்து காட்டிய அந்தக் கள்ளமறியாத இளமை இப்போது எங்கே இருக்கிறதோ என்று ஒரு முதியவர் கேட்கிறார். பூண் போட்ட தடியை ஊன்றிக்கொண்டு, உடல் நடுங்க, இருமலுக்கு இடையிடையே சில சொற்கள் மட்டுமே பேச முடிகிற நிலை அவருடையது. தொடித்தலை விழுத்தண்டினார் என்ற பெயரும் அந்தத் தடியால் வந்ததுதான். இறந்துபோன மன்னர்களுக்காகப் புலவர்கள் அழுத கையறுநிலைப் பாடல்களோடு இதைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள் தொகுத்தவர்கள். இளமையை இறந்துபோன ஒருவராகவே அவர்கள் கருதியிருக்க வேண்டும். வருத்தத்தை முதல் சொற்களிலேயே சொல்லிவிடுகிற அந்த முதியவர், பிறகு அதை விளக்குவதற்கு நிற்கவில்லை. மரத்தைச் சொல்கிறார், குதித்த ஓசையைச் சொல்கிறார், மணலைச் சொல்கிறார், இருமலைச் சொல்கிறார்.

உங்கள் கவிதையிலும் ஓசை இருக்கிறது, துலாக்கல் இருக்கிறது, பிழிந்த ஈரப் பாவாடை இருக்கிறது. தண்ணீர் வற்றிய பிறகு கிணற்றின்மேல் காங்கிரீட் பலகை போட்டு மூடியதும், அண்ணன் மகன் தன் கிரிக்கெட் மட்டையை அதன்மேல் சாய்த்து வைத்திருப்பதும் இருக்கிறது. அதற்குப் பிறகு வரும், காலம் ஒரு கிணறு என்றும் நீங்கள் அதில் கயிறு அறுந்து விழுந்த வாளி என்றும் சொல்லும் மூன்று வரிகளை எடுத்துவிடுங்கள். மட்டை சாய்ந்திருக்கும் வரியோடு கவிதை நிற்கட்டும். அப்படி நிறுத்திப் படியெடுத்து, கால் கழுவும் கவிதையோடு சேர்த்து எனக்கு மீண்டும் அனுப்புங்கள். உங்கள் கணவர் கேட்டுவிட்டு என்ன சொன்னார் என்பதையும், சொல்ல விருப்பமிருந்தால், ஒரு வரியில் எழுதுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர்